இருபத்தெட்டு ஆத்துமாக்கள்

போதகரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். ஒருமுறை அல்ல, இருமுறை. இரண்டையும் கையெழுத்துப் போட்டு, சபையின் வட்ட முத்திரை குத்திச் சொன்னீர்கள். இரண்டு தாளும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் கிரீஸ் கறை படிந்திருக்கிறது. அதை நான் துடைக்கப் போவதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

முப்பத்திரண்டு வருடம் நான் இந்த ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தேன். பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் சிந்தாதிரிப்பேட்டையில்தான். எங்கள் கோயிலின் முன்வாசல் போல்ட் கடைகளும் ரேடியேட்டர் பட்டறைகளும் உள்ள தெருவைப் பார்த்திருக்கும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் கூவம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டால் ஜன்னல் வழியாக வரும் நாற்றம் எல்லாரையும் எழுப்பிவிடும். தெருவில் நம் வீடுகள் கொஞ்சம்தான். மற்றவை இந்துக்கள் வீடு, உருது பேசுகிற முஸ்லிம்கள் வீடு. அவர்களும் எங்களைப்போல மூன்று நான்கு தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள்.

ஓய்வுபெற்ற வருடம், கோயில் படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மீன் விற்கிற அம்மாவின் இரண்டு பெண்களும் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். வகுத்தல் தப்பு, கூட்டல் தப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. ஓடுகிற பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மனக்கணக்குப் போட்டவன் நான். சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் படியில் இடமில்லை.

அப்போது இருந்த போதகர், உங்களுக்கு முன்னால் இருந்தவர், கோயில் ஹாலின் சாவியை என் கையில் கொடுத்தார். “போறப்ப ஃபேன மட்டும் நிறுத்திட்டுப் போ” என்றார். அவர் சொன்ன நிபந்தனை அது ஒன்றுதான்.

நான் எனக்கே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போனேன். ஜெபம் கிடையாது, பாட்டு கிடையாது, கதை கிடையாது, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுவரை பாடம் மட்டும் என்று பெற்றோரிடம் என் வாயால் சொன்னேன். எனக்கு விசுவாசம் இல்லாததால் அல்ல. தெருமுனையில் நின்று கைப்பிரதி கொடுத்தவன்தான் நானும். அதை வெளிப்படையாகச் செய்தேன், வாங்காதவனிடம் சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஆனால் பாடத்துக்கு வா என்று கூப்பிட்டுவிட்டு வேறொன்றைக் கொடுப்பது, அடையாறு என்று போர்டு போட்டுவிட்டு பஸ்ஸை வேறெங்கோ ஓட்டுகிற வேலை. அதை நான் செய்யமாட்டேன்.

எதிர்ச்சாரியில் போல்ட் நட்டு விற்கும் பாய், அந்த வாக்கை நம்பித் தன் மகளை அனுப்பினார். ஆறாம் வகுப்பில் வந்தவள். இப்போது பத்தாவது. பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுத்துப் படிக்கவேண்டும் என்பது அவள் பிடிவாதம். பிடிவாதத்துக்கு ஏற்ற மூளையும் உண்டு. அவசரம்தான் அவளுக்கு எதிரி. விடை வருவதற்கு இரண்டு வரி முன்னால் மைனஸ் குறியை விட்டுவிடுவாள்.

எட்டு வருடம் இப்படி ஓடியது. அதில் கடைசி மூன்று வருடம் நீங்கள் இருந்தீர்கள். வகுப்புக்குள் நீங்கள் வந்தது ஒரே ஒருமுறை. கூடவே இளைஞர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒருவரைக் கூட்டிவந்து போட்டோ எடுக்கச் சொன்னீர்கள். ஹாலில் மாட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு ஆண்டறிக்கை வந்தது. ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம், எல்லார் கையிலும் அச்சடித்த புத்தகம். நீங்கள் நின்றபடி வாசித்தீர்கள். ஞானஸ்நானம் இத்தனை, திடப்படுத்தல் இத்தனை, அடக்கம் இத்தனை. அப்புறம் “புறமதத்தார் நடுவில் ஊழியம்” என்று ஒரு தலைப்பு. அதன் கீழே: மாலை வகுப்பு, சந்திக்கப்பட்ட ஆத்துமாக்கள், இருபத்தெட்டு, இவர்களின் இருதயம் திறக்கப்பட ஜெபிக்கவும்.

நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மாலை வகுப்பு என்று நீங்கள் வாசித்ததும் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், செயலாளர் என் தோளைத் தட்டினார், எனக்குப் பெருமையாக இருந்தது. ஆத்துமாக்கள் என்ற சொல் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. நமக்கு அது பழகிய சொல். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று யார் கேட்கிறார்கள்? எத்தனை ஆத்துமா என்றுதான் கேட்போம். விழாவுக்குச் சாப்பாடு சொல்லும்போதுகூட ஐம்பது ஆத்துமாவுக்குச் சொல் என்போம். அந்தச் சொல் தெருவில் விழுந்தால் என்ன ஆகும் என்று அந்த ஹாலில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பைபிளுக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மீந்த புத்தகங்களைச் சபை அலுவலகம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டது. எங்கள் தெருவில் போல்ட் கடைக்காரர்கள் சாமான் மடிக்கத் தாள் வாங்குவது அந்தக் கடையில்தான்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் ஐந்தரை இருக்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். வாசலில் பாய்.

“கண்டக்டரே, உள்ள வரல. நீ வெளிய வா.”

போனேன். கையில் ஒரு தாள். போல்ட் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. பிரித்துக் காட்டினார்.

“இது யாரு?”

“உம் பொண்ணு.”

“கீய இன்னா எய்திக்கீது? படி. சத்தமா படி.”

படித்தேன். அப்போதுதான் முதன்முதலாகப் படித்தேன். போட்டோவில் அவள் கறுப்பு முக்காட்டோடு நோட்டைப் பார்த்துக் குனிந்திருந்தாள். கீழே அந்த வரிகள். இன்னும் கொஞ்சம் கீழே உங்கள் கையெழுத்தும் முத்திரையும்.

“பொறமதத்தார்னா யாரு நைனா? நானா? இந்தத் தெருல எங்க தாத்தா காலத்துலேர்ந்து கட வெச்சினு கீறேன். நா எதுக்குப் பொறம்?”

அவர் அந்த எண்ணின்மேல் விரலை வைத்தார்.

“சரி வுடு. இருவத்தெட்டு ஆத்துமாவுல எம் பொண்ணு எத்தினியாவது? அத்த மட்டும் சொல்ட்டுப் போ.”

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தவில்லை. உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். அவள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தத் தாளை அவர் என் சட்டைப் பையில் மடித்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் நாலு பேர். சனிக்கிழமை, மீன்காரம்மாவின் சின்னப் பெண் மட்டும் வந்து, “அம்மா வரக்கூடாதுன்னு சொல்ட்சி சார், அத்த சொல்லத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அடுத்த வாரம், எங்கள் தெருவுக்குச் சம்பந்தமே இல்லாத கரைவேட்டிக்காரர் ஒருவர் வந்தார். செல்போனைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நின்று, பிஞ்சுகளை மதம் மாற்றும் ரகசிய வகுப்பு என்று பேசிப் படம் எடுத்துப் பரப்பினார். கையோடு போலீஸில் ஒரு புகாரும் கொடுத்தார். அவர்மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. அவருடைய பிழைப்பு அது. பேசுவதற்கான வசனத்தை எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எட்டு வருடமாக இந்தப் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று காட்ட நோட்டுகளை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துப் போனேன். நீங்களும் வருவீர்கள், பக்கத்தில் நிற்பீர்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, வெளியே டீக்கடையில் முக்கால் மணி நேரம் உங்களுக்காகக் காத்திருந்தேன். உள்ளே போனதும் அங்கிருந்த ஏட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இன்னா சார் நோட்டெல்லாம் தூக்கினு வந்துக்கீற? உங்க பாதிரியார் காலையிலயே எய்திக் குடுத்துட்டுப் பூட்டாரே.”

வாங்கிப் படித்தேன். மேற்படி வகுப்பை ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் சபையின் அனுமதியின்றித் தன் விருப்பப்படி நடத்திவந்தார். சபைக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. கீழே அதே கையெழுத்து. அதே வட்ட முத்திரை.

ஏட்டு நல்ல மனிதர். செல்போனில் படம் எடுத்துக்கொள்ள விட்டார், அதைத்தான் தாளில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். சபையின் அனுமதியில்லாமல் இனிமேல் வகுப்பு நடத்துவதில்லை என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது ஹாலில் புதுப் பூட்டு தொங்கியது. எட்டு வருடமாக என் பையில் இருந்த சாவி அதற்குள் நுழையவில்லை.

உங்கள் மேலதிகாரிகளிடம் அந்தப் பிள்ளைகள் சபையின் அறுவடை. போலீஸிடம் அவர்கள் யாரோ ஒரு கிழவன் பொறுக்கிவந்த பிள்ளைகள். முதல் தாளைப் படித்த தெரு நான் ஏமாற்றினேன் என்றது. இரண்டாவது தாளைக் கேள்விப்பட்டதும், பார், அவருடைய சாமியாரே கைகழுவிவிட்டார், அப்படியானால் செய்திருக்கிறார் என்றது. முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் ஒரு புகார் இல்லாமல் இருந்தவன் நான். என் தெருவில் என்னைத் திருடனாக்கினீர்கள்.

ஒரு வாரம் பொறுத்துப் பாய் கடைக்குப் போனேன். படிக்குக் கீழேயே நின்றேன். அவர் போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“உம் மேல டவுட்டு இல்ல கண்டக்டரே. உன்னிய எத்தினி வருசமா பாத்துக்கினு கீறேன்” என்றார். “ஆனா எங்க வூட்ல கேக்கறாங்க, தெருல கேக்கறாங்க. நா இன்னான்னு சொல்றது? கண்டக்டரு நல்லவருன்னா? அத்த நா சொல்லி ஆவாது. உங்காளு சொல்லணும்.”

“கூட்டியாரேன். வந்து உங்கிட்ட சொல்லுவாரு.”

“எங்கிட்ட இன்னாத்துக்கு? கிறிஸ்மஸு வந்தா ஒரு மாசம் அந்தக் கொயா ஸ்பீக்கர தெருவப் பாத்துக் கட்டி எங் காது ஜவ்வக் கியிக்கிறாரே, அத்துல சொல்லச் சொல்லு. தப்பா எய்திட்டேன், இதுங்க படிக்க வந்த புள்ளைங்க, அவ்ளோதான்னு. அவுரு சொன்ன மறுநாளு எம் பொண்ண நானே கொண்டாந்து வுடறேன்.”

அவர் கேட்டது இவ்வளவுதான். ஒரு நிமிடப் பேச்சு. அதை உங்களிடம் வந்து சொன்னேன். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றீர்கள். எத்தனை வாரம் ஜெபித்தீர்கள்?

நான் ஜெபிக்கவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜெராக்ஸ் எடுத்து, சனிக்கிழமை கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஞாயிறு காலையில் வாட்ச்மேன் கிழித்திருந்தார். அடுத்த சனி ஒட்டினேன், கிழித்தார். நாலாவது வாரம் பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு காத்திருந்தார்.

“சார், நீ ஒட்டிக்கினே இருப்ப, நா கியிச்சிக்கினே இருக்கணுமா? நகம் பூடுது சார். ஒரு வாரம் லீவு குடு.”

“பசைய மாத்தட்டுமா?”

“மாத்தாத சார், இதுவே வர மாட்டேங்குது.”

இருவரும் சிரித்துவிட்டோம். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைத்தார், நான் ஒட்டிவிட்டு வந்தேன். அந்த வாரம் எட்டு மணி ஆராதனை முடியும்வரை அது பலகையில் இருந்தது. நூறு பேராவது நின்று படித்தார்கள். படித்துவிட்டு ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

என் மனைவி கேட்டாள். “நீ இன்னா, பழி வாங்கறதுக்கா கோயிலுக்குப் போற?”

“ஆமா.”

“பழி வாங்கறது ஆண்டவரு வேல.”

“அவுரு லேட் பண்றாரு.”

அவளுக்குக் கோபம் வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை. மன்னிக்கச் சொல்கிறவர்கள் எல்லாரும் என்னிடமே வந்து சொல்கிறார்கள். உங்களிடம் வந்து, மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. நீங்கள் தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்கவேண்டும். அதை மறைத்துக்கொண்டு நற்கருணைக்கு முன்னால் சமாதானம் சொல்லி உங்களுக்குக் கை கொடுக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் ஐந்து மாதமாகக் கையைக் கட்டிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் தி.நகரில் ஒரு கூட்டம். மதச்சார்பற்ற நாட்டில் திருச்சபையின் பங்கு என்று பேனர். பேச வந்தவர்களில் நீங்களும் ஒருவர். விட்டுவிடுவேனா? இரண்டு பஸ் மாறி வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். உங்களுக்குப் பொன்னாடை போட்டார்கள். நன்றாகப் பேசினீர்கள். திருச்சபை உப்பைப்போலக் கண்ணுக்குத் தெரியாமல் கரையவேண்டும் என்றீர்கள். கைம்மாறு கருதாமல் அயலானுக்குச் சேவை செய்யவேண்டும் என்றீர்கள். கைதட்டினார்கள். எனக்குப் பின்னால் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேள்வி எழுதித் தரச் சொல்லித் துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். ஒரே வரி எழுதினேன்: “அந்த இருபத்தெட்டு பிள்ளைகள் சபையைச் சேர்ந்தவர்களா, இல்லையா?” என் சீட்டு உங்கள் கைக்கு வந்ததைப் பார்த்தேன். படித்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். மடித்து அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டு, நேரமாகிவிட்டது என்றீர்கள்.

டீ கொடுக்கிற இடத்தில் பிடித்தேன்.

“அண்ணாச்சி, இங்க வச்சி வேண்டாம்” என்றீர்கள்.

“வேற எங்க வெச்சி? கோயில்ல கேட்டா ஆராதன கெடுதுன்றீங்க. வூட்டாண்ட வந்தா ஜெபத்துல கீறாருன்றாங்க.”

“நான் வேணும்னு செய்வேனா? ரிப்போர்ட்டு ஃபாரத்துல மாலை வகுப்புன்னு ஒரு கட்டமே கெடையாதுல்லா. எங்கயாவது போட்டாகணும்லா.”

“போடாம வுட்டுக்கலாமே.”

“மேல கேப்பாவளே, வருசம் பூரா சபை என்ன செஞ்சுதுன்னு.”

“சரி, ஸ்டேசன்ல எந்தக் கட்டம்?”

டீயைப் பார்த்தீர்கள். “சபையக் காப்பாத்தணும்லா அண்ணாச்சி.”

“யாராண்டேர்ந்து? அந்தப் புள்ளைங்களாண்டேர்ந்தா?”

அடையாறிலிருந்து காரில் வந்திருந்த நம் சபைச் செயலாளர் நடுவில் புகுந்தார். “சார், விட்டுடுங்க. எல்லாரும் பாக்கறாங்க. சபையோட பேரு, சாட்சி எல்லாம் கெட்டுடும்.”

“கெட்டுப் பூட்சி சார். போல்ட்டு மடிக்கப் பூட்சி.”

அப்போது நீங்கள் ஒரு தீர்வு சொன்னீர்கள். “நான் வேணா அந்தப் பாய்க்குத் தனியா ஒரு லெட்டர் எழுதித் தாரேன்.”

“மூணாவது லெட்டரா?” என்றேன். டீ கிளாஸைத் தட்டில் வைத்துவிட்டு நடந்துவிட்டீர்கள்.

திருச்சபையின் பங்கு என்ன என்று அந்த மேடையில் என்னை யாரும் கேட்கப் போவதில்லை. கேட்காமலேயே சொல்கிறேன். ஒரு மழை வருடம் கூவம் ஏறி வந்தபோது தெருவே நம் ஹாலில் வந்து படுத்தது. பாய் வீட்டு அண்டாவில்தான் கஞ்சி காய்ச்சினோம். அன்று யாரும் யாரையும் எண்ணவில்லை, எந்த ஃபாரத்திலும் எழுதவில்லை. அன்றைக்குத்தான் இந்தத் தெருவில் நமக்கு ஒரு வேலை இருப்பது எனக்குத் தெரிந்தது. கதவு திறந்திருக்கவேண்டும், ஃபேன் ஓடவேண்டும், உள்ளே வந்தவன் வந்தபடியே திரும்பிப் போகவேண்டும். யாராவது வந்து அதட்டினால், ஆமாம், இது எங்கள் ஹால், இவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கத்தான் உங்களுக்கு அங்கி. எண்ணிக்கை எடுப்பது என்னுடைய வேலையாக இருந்தது. அதுவும் ஓய்வுபெறும்வரைதான்.

இப்போதெல்லாம் அந்தப் பெண் சாயங்காலத்தில் அப்பாவின் கடைக்குள், போல்ட் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். நான் அந்தப் பக்கமாக மெதுவாக நடப்பேன். அவள் நோட்டைத் தூக்கிப் பிடிப்பாள். பாய் அந்த நேரம் பார்த்துத் தெருவில் போகிற வண்டிகளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். படி ஏற எனக்கு அனுமதியில்லை, அதனால் எட்ட நின்று படிப்பேன். போன செவ்வாய்க்கிழமையும் மைனஸை விட்டிருந்தாள். தலையை ஆட்டினேன். எந்த வரியில் என்று அவளுக்குப் புரியவில்லை. மறுபடி ஆட்டினேன். லோடு வண்டி ஒன்று குறுக்கே வந்து நின்றது. அது நகர்வதற்குள் அவள் நோட்டை மூடிவிட்டாள். காலாண்டுப் பரீட்சையில் தேறியது மயிரிழையில். பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம்தான்.

போதகரே, கிறிஸ்துமஸ் வருகிறது. குழாயைத் தெருவைப் பார்த்துக் கட்டியாயிற்று, நேற்றுப் பார்த்தேன். வரும் ஞாயிறு எட்டு மணி ஆராதனையில், அறிவிப்புகள் வாசிக்கிற நேரத்தில், கதவுகளைத் திறந்து வைத்து, அந்தக் குழாயில் பதில் சொல்லுங்கள். பாய் கடையைத் திறந்துவைத்துக் கேட்பார், மீன்காரம்மா கேட்பார், நான் முதல் பெஞ்சில் இருப்பேன். இரண்டு தாளிலும் எதெது பொய், எதற்காக எழுதினீர்கள்? தனியாக வேண்டாம், கடிதம் வேண்டாம். தெருவே கேட்க, உங்கள் வாயால் சொல்லுங்கள்.